மைக்கில் ஒரு பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சென்ற வாரம் 'டு டை ஃபார்' (1995) என்ற படம் பார்த்தேன். கஸ் வான் சான்ட் இயக்கியது. டி.வி.யில் பெரிய ஆளாக வேண்டும் என்று துடிக்கும் ஒரு பெண், அதற்கு இடைஞ்சலாக இருக்கும் கணவனைப் பள்ளிக்கூடப் பையன்களை வைத்தே கொல்லும் கதை. சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன். ரீல்ஸ், யூடியூப் எதுவும் இல்லாத காலத்திலேயே இதை எப்படி முன்னுணர்ந்தார்கள்? இதைப் பற்றி முகநூலில் எழுதினேன். 340 லைக் வந்தது.

என் சித்தப்பா மகள் வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். எந்நேரமும் ரீல்ஸ்தான். கோட்டை அகழிச் சுவரில் ஏறி நின்று ஆடுகிறாள். போன மாதம் எங்கள் ஆயா இறந்துபோனார். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது இவள் உள்ளே ஆயா பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ எடுத்துப் போட்டாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. சித்தப்பா என்னைக் கண்டிக்கச் சொல்கிறார். போனைப் பிடுங்கி வைப்பதா, பேசிப் பார்ப்பதா? 'தோன்றின் புகழொடு தோன்றுக' என்று வள்ளுவரே சொல்லியிருக்க, புகழாசை தப்பா? படம் பார்க்காதவர்களை நினைத்து, முடிவைச் சொல்லிவிடாமல் பதில் எழுத வேண்டுகிறேன்.

ர., காட்பாடி

பி.கு: இப்போது பார்த்தேன், 352.

அன்புள்ள ர.,

முடிவைச் சொல்லத்தான் போகிறேன். வந்து முப்பது வருடம் ஆன படத்துக்கு இனி என்ன ரகசியம்.

குறளை விடுங்கள். கடிதத்தின் கடைசியில் வள்ளுவரைக் கூட்டிவந்து நிறுத்துவது பட்டிமன்றம் கேட்டு வந்த பழக்கம். முன்னுணர்ந்தார்கள் என்பதையும் விடுங்கள். யாரும் எதையும் முன்னுணரவில்லை, நடந்ததைத்தான் எடுத்தார்கள். 1990இல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கொலை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த 22 வயதுப் பெண், தன்னோடு பழகிய மாணவனையும் அவன் சேக்காளிகளையும் வைத்துக் கணவனைக் கொன்றாள் என்று வழக்கு. மறு வருடம் விசாரணையை அப்படியே டி.வி.யில் காட்டினார்கள். ஜனங்கள் சீரியல் மாதிரி உட்கார்ந்து பார்த்தார்கள். 1992இல் ஜாய்ஸ் மேனார்ட் அதிலிருந்து ஒரு நாவல் எழுதினார், பக் ஹென்றி அதைத் திரைக்கதை ஆக்கினார். டி.வி. பைத்தியத்தைத் திட்டும் கதையே டி.வி. போட்ட தீனியில் வளர்ந்ததுதான்.

352க்கு வருகிறேன். தங்கை புகழுக்கு அலைகிறாள் என்று எழுதும் கடிதத்தில் உங்கள் லைக் கணக்கு இரண்டு இடத்தில் வருகிறது. பின்குறிப்பு எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா? கோபிக்காதீர்கள். இந்தக் கடிதத்தைத் தளத்தில் போடப்போகிறேன் என்றதும் எத்தனை பேர் படிப்பார்கள் என்று நானும்தான் ஒரு கணக்குப் போட்டேன்.

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரணிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். (1989இல் மாவட்டத்தைப் பிரித்து ஆரணியைத் திருவண்ணாமலையோடு சேர்த்துவிட்டார்கள். எங்களுக்கு இன்னும் அது வடாற்காடுதான்.) அன்றைக்குத் துகிலுரிதல் கூத்து. விடியற்காலை மூன்று மணி இருக்கும். துச்சாதனன் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்துவிட்டான். திரௌபதி வேஷம் கட்டியவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். தொண்டை கிழியப் பாடி, "கண்ணா" என்று கையைத் தூக்கினார். உடனே ஆர்மோனியம் நின்றது. கட்டியங்காரன் மைக்கை வாங்கி, மேட்டுத் தெரு மளிகைக் கடைக்காரர் தம் பேரன் பெயரில் நூறு ரூபாய் அன்பளிப்பு தந்திருக்கிறார் என்று அறிவித்தான். பேரன் பெயர், அப்பன் பெயர், தாத்தன் பெயர், கடைப் பெயர் எல்லாம் வந்தது. அதுவரை திரௌபதி கூந்தலைத் துச்சாதனன் கையிலேயே விட்டுவிட்டு ஒரு மடக்கு சோடா குடித்தார். அறிவிப்பு முடிந்தது. ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. விட்ட சுருதியிலேயே மறுபடி "கண்ணா!"

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்திருந்த கிழவி திரும்பி முறைத்தாள். "இன்னாத்துக்கு சிரிக்கிற? அது எங்க அண்ணன் வூட்டுப் பேரன்." 

பாஞ்சாலி மானம் போகிற நேரத்தில்கூட நம் பெயர் மைக்கில் வர வேண்டும். டி.வி. வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இது நடக்கிறது. மைக் இல்லாத காலத்தில் கட்டியங்காரன் தொண்டையிலேயே கத்தியிருப்பான்.

ஆகவே அந்தப் படத்தில் நிக்கோல் கிட்மன் நடித்த சூசானைப் பார்த்து நீங்கள் பயந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் வேடிக்கையான ராட்சசி. லிட்டில் ஹோப் என்று ஒரு ஊர். 'கொஞ்சூண்டு நம்பிக்கை' என்று ஊருக்குப் பெயர் வைத்தவர் குசும்புக்காரர். அங்கே உள்ளூர் கேபிள் சேனலில் போய் உட்கார்ந்து வானிலை வாசிக்கிறாள். நாய்க்குட்டிக்கு ஒரு பெரிய செய்தி வாசிப்பாளரின் பெயரை வைக்கிறாள். கணவனைப் புதைக்கும் இடத்தில் டேப்ரெக்கார்டரைத் தட்டிப் பாட்டுப் போடுகிறாள். இப்படி ஒருத்தியைப் பார்த்து நாம் சிரிக்கலாம், நாம் அவள் இல்லை என்ற தைரியத்தில். கிட்மனுக்கு அதற்கு கோல்டன் குளோப் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

நீங்கள் பார்க்காமல் விட்டது மற்றவர்களை. படம் முழுக்க எல்லோரும் பேட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மாவும், கொன்றவளின் அப்பா அம்மாவும் ஒரே டி.வி. மேடையில் சம்பந்திகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாத்தனார் பேசுகிறாள். ஜெயிலிலிருந்து பையன் பேசுகிறான். ஒருவராவது, "எங்க வீட்ல சாவு விழுந்திருக்கு, போய்யா வெளியே" என்று சொல்கிறார்களா? மைக்கை நீட்டினால் வாய் தானாகத் திறக்கிறது. கடைசியில் சூசானையும் ஆள் வைத்துக் கொன்று ஏரியில் போட்டுவிடுகிறார்கள். ஏரி உறைந்துபோகிறது, நாத்தனார் அதன்மேல் சறுக்கி விளையாடுகிறாள். சூசான் ஆசைப்பட்ட புகழ் யாருக்குப் போகிறது? யாரும் திரும்பிப் பார்க்காத லிடியா என்ற குண்டுப் பெண்ணுக்கு. அவள் ஆசைப்பட்டதெல்லாம் சூசானின் சிநேகிதம்தான். அவளைத்தான் டி.வி.க்காரர்கள் கூப்பிடுகிறார்கள்.

இவர்களையெல்லாம் கேள்வி கேட்பவன் யார்? எதிரில் ஒரு நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான் இல்லையா? அவன் வீட்டில் என்ன, அவனுக்கு எவ்வளவு சம்பளம், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அவன் எப்படிச் சொல்லியிருப்பான்? நீங்கள் எழுதிய முகநூல் குறிப்பையும் தேடிப் படித்தேன். புகழ்வெறி, நுகர்வு வெறி, நாசீசிசம் எல்லாம் இருக்கிறது, நாற்காலிக்காரன் இல்லை. நான் அவனைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் குடியாத்தத்தில் ஒரு கேபிள்காரரிடம் வேலை பார்த்தேன். மாதம் 600 ரூபாய். மாடியில் ஓர் அறை, இரண்டு வி.சி.ஆர்., சுவரில் நீலத் துணி. பகலில் பழைய படம், பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் 'நகரச் செய்திகள்'. வாசித்தது நான். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைக் காட்டினால் மறுநாள் போன் ஓயாது. "சிரசு போனப்ப மஞ்ச சட்டை போட்டுனு நான் நின்னுனு இருந்தேன், அது வந்துச்சா?" அம்மன் தலை வந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் மட்டும் என்ன. கௌண்டன்யா ஆற்றுப் பாலத்தில் நடந்து போகும்போது, "டோய், நியூஸ்காரர்டா" என்று பையன்கள் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போவேன்.

ஒரு நாள் பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றோர ஊர் ஒன்றில் பையன் செத்துப்போனான் என்று தகவல் வந்தது. மணல் அள்ளிய பள்ளத்தில் மழைத்தண்ணி நின்றிருக்கிறது. குளிக்க இறங்கிய மூன்று பேரில் ஒருவன் ஏறவில்லை. ஒன்பது வயது. நானும் கேமரா பிடிக்கும் பையனும் டி.வி.எஸ். 50இல் போனோம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய வி.எச்.எஸ். கேமரா. போய் இறங்குவதற்கும் அந்த அம்மா தலைவிரி கோலமாக உள்ளேயிருந்து ஓடிவந்து வாசலில் விழுவதற்கும் சரியாக இருந்தது. அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. இன்றைக்கு நம் செய்திதான் என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

கேமராக்காரன் காதருகே வந்து, "அண்ணா, பட்டன் அழுத்தல" என்றான்.

நான் அந்த அம்மாவிடம் போய்க் குனிந்து சொன்னேன். "யம்மா, பதிவாகலைம்மா. உள்ள போய்ட்டு இன்னொரு தடவ வாங்கம்மா."

சுற்றி நின்றவர்கள் யாராவது என்னை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. "வழி வுடுங்க, டி.வி.யிலிருந்து வந்துகீறாங்க" என்று ஒதுங்கினார்கள். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். நிலைப்படிக்குப் பின்னால் நின்று தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு, "வர்ட்டா தம்பி?" என்று கேட்டார்.

இதை நான் பல வருடம் டீக்கடையில் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். "பெத்த புள்ள செத்த அன்னிக்கும் முடிய வாரினு வந்தா" என்று முடிப்பேன். நல்ல சிரிப்பு வரும். உங்கள் படத்தை 2000 வாக்கில் சி.டி.யில் பார்த்தபோது, புதைகுழிப் பக்கத்தில் சூசான் டேப்பைத் தட்டிவிடும் இடம் வந்தது. கூட இருந்தவர்கள் விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

இரண்டாம் தடவை அந்த அம்மா ஓடிவரவில்லை. மெதுவாக நடந்து வந்து கேமராவுக்கு நேராக நின்றார். அழவும் இல்லை. கையில் பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று இருந்தது. நாற்பது பிள்ளைகள். உள்ளே போனவர் அதைத்தான் தேடி எடுத்து வந்திருக்கிறார். இரண்டாவது வரிசையில் ஒரு தலையைக் கட்டைவிரலால் காட்டி, போட்டோவை லென்ஸுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே நின்றார். கடுகளவு முகம். அவன் படம் வேறு கிடையாதாம். "இவ்ளோ கிட்டக்க காட்டுனா தெரியாதும்மா" என்று நான்தான் கையை விலக்கினேன். "நீங்க அழுங்கம்மா" என்று சொன்னேனா இல்லையா என்பது இன்றைக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

டீக்கடை ஜோக்கில் இந்த போட்டோவை நான் சேர்த்ததில்லை. சேர்த்தால் ஜோக் நிற்காது.

உங்கள் தங்கையைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். போனைப் பிடுங்க வேண்டாம். அகழிச் சுவரில் ஏறினால் மட்டும் காலை ஒடிப்பேன் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தாள் என்கிறீர்களே, அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தீர்களா, இல்லை அருவருப்புப்பட்டதோடு சரியா? ஆயா உயிரோடு இருந்தபோது நீங்கள் அவரை எத்தனை படம் எடுத்தீர்கள்? உங்கள் போனில் தேடிப் பாருங்கள். 352 பேருக்குக் காட்ட வேண்டாம், சும்மா பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா பஸ் ஏறிக் குடியாத்தம் வந்தார். விசாரித்து விசாரித்து மாடிக்கு வந்துவிட்டார். "எப்ப போடுவீங்க தம்பி?" செய்தி அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டது. அவர் ஊரில் கேபிள் கிடையாது. சரி, கேசட்டைப் போட்டுக் காட்டிவிடலாம் என்று தேடினேன். கேசட் விலையில் எங்கள் முதலாளி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதியச் சொல்லுவார். போட்டால் ஒரு காதணி விழா ஓடியது. ஓட்டினேன், ஓட்டினேன், கடைசி வரைக்கும் காதணி விழாதான். மாமன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, சுற்றிப் பெண்கள் சிரித்தார்கள்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது என்று நான் வி.சி.ஆர். பக்கமே திரும்பி நின்றிருந்தேன்.

"இது யார் வூட்டுப் புள்ளப்பா?" என்று கேட்டார்.