இருவரும் வேலைக்குப் போகும் வீட்டை, தினசரிச் சின்னப் பழக்கங்களால் அடைசல் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக நடக்கிறது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஞாயிறு முழுக்க ஏறக்கட்டினாலும் புதன்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகளும் மாமியாரும் இருக்கிறார்கள், நேரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஓசூரில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு, ஐந்து பேர்.

நான் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த ஃபைவ் எஸ் முறை எங்களுக்கு அன்றாடம். வேண்டாததைப் பிரி, வேண்டியதற்கு இடம் குறி, துடை, அதையே முறையாக்கு, விடாமல் செய். ஐந்தும் இவ்வளவுதான். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மெஷினைத் துடைத்து, கருவிகளைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். அந்தப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் வெற்று உருவம் தூரத்திலிருந்தே தெரியும்.

இது வீட்டுக்கும் ஆகும் என்று தோன்றியது ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையைத் துடைக்கப் போனபோது. அப்படியே நின்று, மேலே என்னென்ன இருக்கிறது என்று எண்ணினேன். இரண்டு சார்ஜர், மூன்று கல்யாணப் பத்திரிகை, அத்தையின் (என் மாமியார்) கண்ணாடிக் கூடு, மூட்டுவலித் தைலம், பாதி கிரேயான், பள்ளியில் கொடுத்த சுற்றறிக்கை, ஒரு திருப்புளி, காஸ் ரசீது, வாடிய வெற்றிலையோடு ஒரு தாம்பூலப் பை. இன்னும் சில சில்லறைச் சாமான்களும் சேர்த்து மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்பதுக்கு என்னிடம் பதில் இல்லை. சோம்பலால் யாரும் அவற்றை அங்கே போடவில்லை, போக வேறு இடமே இல்லாததால் மேஜைக்கு வந்திருந்தன. எத்தனை ஞாயிறு ஒதுங்க வைத்தாலும் அவை மறுபடி அங்கேதான் வரும்.

அதனால் நீங்கள் முதலில் தொடங்க வேண்டிய பழக்கம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருளுக்கு இடம் கொடுப்பது. சார்ஜருக்கு டிவி ஸ்டாண்டின் இடது இழுப்பறை. தைலத்துக்கு அத்தையின் தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணம். பத்திரிகைகளுக்குக் காலண்டருக்குப் பின்னால் ஒரு கிளிப். தேதி முடிந்ததும் எடுத்துவிடுவோம். சாவிக்கு நிலைக்கதவை ஒட்டி நான்கு கொக்கி அடித்து, ஒவ்வொன்றின் கீழும் ஸ்கூட்டர், பைக், வீடு, பீரோ என்று மகனை எழுதச் சொன்னேன். அவனே எழுதியதால் ஒரு கொக்கி காலியாக இருந்தால் அவன்தான் முதலில் சத்தம் போடுவான். இதற்காகப் பிளாஸ்டிக் பெட்டி எதுவும் வாங்காதீர்கள். முதலிலேயே பெட்டி வாங்கினால், மேஜையில் கிடந்த அடைசல் பெட்டிக்குள் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே செய்கிற வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுவது என் அனுபவத்தில் பெரிய உதவி. காலையில் பால் காய்ச்சும்போது பொங்கிவிடும் என்று அடுப்பை விட்டு நகர முடியாது. அந்த ஐந்தாறு நிமிடத்தில் சமையல் மேடையை மட்டும் சரிசெய்வேன். காய்ந்த பாத்திரம் அலமாரிக்கு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டப்பா ஒன்றைத் துடைப்பது, ஃபிரிட்ஜிலிருந்து நேற்றைய மீதி வெளியே. பால் பொங்கி வந்ததும் நிறுத்திவிடுவேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மூங்கில் கூடையோடு மகள் வீட்டைச் சுற்றி வருவாள். இடம் மாறிக் கிடப்பதெல்லாம் கூடைக்குள். அவரவர் பொருளை அவரவர் எடுத்து வைக்க வேண்டும், என் கணவர் உட்பட. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அப்புறம் வாசல். உள்ளே வருவதைத் தடுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் ஓயவே ஓயாது. கூரியர் அட்டைப்பெட்டியை வாசலிலேயே பிரித்து, மடக்கி, பால்கனியில் பழைய பேப்பர் கட்டோடு வைத்துவிடுவோம். எங்கள் வீட்டில் தாம்பூலப் பைகள்தான் பெரிய கணக்கு. ஒரு முகூர்த்த மாதத்தில் எட்டு பத்து சேர்ந்துவிடும். விசேஷத்திலிருந்து வந்த அன்று ராத்திரியே பையைக் காலி செய்துவிட வேண்டும். தேங்காய் சமையலறைக்கு, வெற்றிலை பாக்கு அத்தைக்கு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. அதனால் தாம்பூலம் வரும் துணிப்பைக்கு நல்ல உபயோகம் உண்டு. ஸ்கூட்டர் டிக்கியில் இரண்டு, கணவர் அலுவலகப் பையில் ஒன்று, வீட்டில் ஆறு. அதற்கு மேல் வருவதைத் தெருமுனைக் காய்கறிக்கடை அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன், பை கொண்டுவர மறந்தவர்களுக்கு அவர் கொடுக்கிறார்.

இனி நான் செய்த ஒரு தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். ஆரம்ப வேகத்தில், பரண் மேல் கிடந்த ஒரு பித்தளைச் சொம்பைப் பழைய பாத்திரம் எடுப்பவரிடம் போட்டுவிட்டேன். அடி நசுங்கி, பச்சையேறி இருந்தது. அத்தை அதைத் தேடியபோதுதான் விவரம் தெரிந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவருடைய அம்மாவின் பெயர் வெட்டியிருந்ததாம், சீர் வரிசையில் வந்ததாம். பச்சையின் அடியில் இருந்த அந்த எழுத்தை நான் பார்க்கவில்லை. "கேட்டிருந்தா நானே விளக்கி வெச்சிருப்பேனேம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் போய்க் கேட்டேன், பாத்திரம் கைமாறியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அடுத்தவர் பொருளைத் தொடுவதில்லை என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். சந்தேகமான பொருள் எதுவானாலும் தேதி எழுதிய சிவப்புச் சீட்டு ஒட்டி ஒரு சாக்குப்பையில் வைப்போம். தொழிற்சாலையில் செய்வதும் இதுதான். மூன்று மாதம் யாரும் தேடாவிட்டால், எல்லோரையும் கேட்டுவிட்டு வெளியே அனுப்புவோம். இப்போது அத்தை தானாகவே வாரம் ஒரு அலமாரித் தட்டைப் பார்த்துச் சீட்டு ஒட்டுகிறார். ஐஸ்கிரீம் டப்பாக்களில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அவரே எடுத்துப் போட்டார்.

மருந்து டப்பாவைச் சரிபார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, கரண்ட் பில் கட்டுகிற அன்று. தேதி முடிந்த மாத்திரை, சிரப்பைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. காலாவதியான மருந்து, பேட்டரி எல்லாவற்றையும் மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

எத்தனை நாளில் பழகும் என்றும் கேட்டிருந்தீர்கள். இருபத்தொரு நாள் என்று பலரும் சொல்வதை நம்பி மனம் விட்டுவிடாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை போனது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எங்கள் வீட்டில் மகளுக்குக் கூடை இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. கணவர் செருப்பை ஸ்டாண்டில் விட ஆறு மாதம் ஆனது. நடுவில் எனக்கு டைஃபாய்டு வந்து மூன்று வாரம் எல்லாமே நின்றுபோனது. எழுந்ததும் பால் காய்ச்சுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

உங்கள் சின்னவனுக்கு இரண்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் கூடை வேலை பலிக்காது; நீங்கள் போடப் போட அவன் கொட்டுவான். இப்போதைக்குச் சமையல் மேடை, சாவிக் கொக்கி, வாசல் மூன்றையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பொம்மைகளில் பாதியைப் பரணில் ஏற்றிவிட்டு மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுங்கள், பழைய பொம்மையும் அவனுக்குப் புதிதாக இருக்கும். கூடையை அவன் எல்கேஜி போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.