விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘சமர்ப்பி’ அழுத்தினால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிரவுசர் டேட்டாவை மொத்தமாக அழித்துவிடலாமா?

வேண்டாம். இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றால் இதே பிரச்சினையோடு வருகிறவர்கள்தான் அதிகம். “யாரோ சொன்னாங்கன்னு எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டேண்ணா, இப்ப பாஸ்வேர்டும் போச்சு” என்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது மனசு கேட்காது.

முதலில் கோளாறு எங்கே என்று பிடிக்க வேண்டும். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே தளத்தை இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் தனி மறைவு ஜன்னல்) திறங்கள். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும்; ஃபயர்ஃபாக்ஸில் N-க்குப் பதில் P. அங்கே பழைய குக்கீ, அதாவது தளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் குறிப்பு, எதுவும் இருக்காது. நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்கள்) ஓடாது. அதில் சமர்ப்பிக்க முடிந்தால், சிக்கல் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றுதான். விளம்பரத் தடுப்பான் இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டு அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குங்கள். மற்ற லாகின்கள் அப்படியே இருக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று, குரோமின் மொழிபெயர்ப்பு. எங்கள் ஊருக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். போனில் எந்தப் பக்கம் திறந்தாலும் தானாக வங்காள மொழிக்கு மாறும்படி வைத்திருப்பார்கள். படிக்கச் சௌகரியம்தான். ஆனால் குரோம் பக்கத்தில் உள்ள எழுத்துகளை உள்ளே புகுந்து மாற்றிவிடுவதால், சில தளங்களின் நிரல் குழம்பிப்போகும். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் மாவட்டப் பட்டியல் வராது, பொத்தான் அசையாது. மூல மொழிக்கு மாற்றி, பக்கத்தை மறுபடி திறந்ததும் பட்டியல் வந்துவிடும். தமிழுக்கு மாற்றிப் படிப்பவர்களுக்கும் இதேதான். உங்கள் பக்கம் இப்போது எந்த மொழியில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் இருக்கும் CR2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். அப்போது தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். தேதியைச் சரிசெய்தாலே திறந்துவிடும்; பேட்டரியை மாற்றினால் மறுபடி வராது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023-இலிருந்து புதியது கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டாமல் வேறொன்றில் முடித்துவிடுங்கள்.

இன்காக்னிட்டோவிலும் சுற்றுகிறதா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், முடிந்தால் வேறு போனில் பாருங்கள். அங்கேயும் 502, 503 என்ற பிழை எண் வந்தால் பழுது சர்வரில்தான், அதாவது தளத்தை நடத்துகிறவர்களின் கம்ப்யூட்டரில். உங்கள் பிரவுசரில் என்ன செய்தாலும் பலன் இராது. கடைசி நாள் சாயங்காலம் இப்படித்தான் திணறும். விடியற்காலையில் எழுந்து முயன்றால் சட்டென்று முடியும், அதற்கு நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

கட்டணப் பக்கத்தில் நின்றுபோனால் மட்டும் ரொம்பவும் நிதானம் தேவை. பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டால், மறுபடி கட்டாதீர்கள், பக்கத்தை ரீஃப்ரெஷும் செய்யாதீர்கள். புதிதாக உள்ளே போய் கட்டண நிலையைப் பாருங்கள். பணம் போய்ச் சேர்ந்து ரசீது மட்டும் திறக்காமல் இருக்கலாம். பாப்-அப் தடுக்கப்பட்டிருந்தால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு குறி தெரியும், அதைத் தொட்டு அனுமதித்தால் ரசீது வரும்.

இதெல்லாம் பார்த்தும் நகரவில்லை என்றால், எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு, திரையில் என்ன எழுதி வருகிறது என்று கருத்தில் போடுங்கள். ஆதார் எண், போன் நம்பர் தெரியாதபடி மறைத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டால் இன்னும் நல்லது. ராத்திரி கடை மூடியதும் பார்த்துச் சொல்கிறேன்.