அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மதிய நேரத்தில் நடக்கும் வட்டார ஆய்வு உரைகளுக்கு வெளியாட்கள் போகலாமா? போனால் என்ன கிடைக்கும்?

தாராளமாகப் போகலாம். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தெற்காசிய மையம், ஆப்பிரிக்க மையம் என்று உலகின் ஒவ்வொரு வட்டாரத்தையும் ஆராய ஒரு மையம் இருக்கும். அவை வாராவாரம் நடத்தும் மதிய உரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது, யாரும் வரலாம்.

இந்த மையங்கள் பல எப்படி வளர்ந்தன என்று பார்த்தால் இது புரியும். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா ஆடிப்போனது. பிற நாடுகளின் மொழியும் வரலாறும் தெரிந்தவர்கள் தங்களிடம் போதவில்லை என்ற கவலையும் சேர்ந்துகொள்ள, 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அதன் ஆறாம் பிரிவுப் பணத்தில்தான் இந்த மையங்கள் பல வேர்பிடித்தன. அந்த நிதியை வாங்கினால் வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பயன்படும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்ற நிபந்தனை பிற்பாடு சேர்ந்தது. அதனால் தயங்காதீர்கள், உங்களை மாதிரி ஆட்களையும் எதிர்பார்த்துத்தான் நடத்துகிறார்கள்.

நான் படித்த விஸ்கான்சின்-மேடிசனில் இங்ரஹாம் கட்டடத்தின் 206ஆம் அறையில்தான் எல்லாம் நடக்கும். புதன் மதியம் ஆப்பிரிக்கா, வியாழன் தெற்காசியா, வெள்ளி தென்கிழக்காசியா. அறை அதேதான், ஆட்கள்தான் மாறுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் சீனா, ஜப்பான், தென்கிழக்காசியா மையங்களுக்கு இப்படித் தனித்தனி மதியக் கிழமைகள் உண்டு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்காரலாம், சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேச வருபவர் பெரும்பாலும் பாதி வழியில் இருக்கும் ஆய்வோடு வருவார். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுவார். என்னைக் கேட்டால், அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்காகவே போகலாம். ஒரு வெள்ளிக்கிழமை கீழ்ப் பர்மா பற்றிய உரை. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போனது. அந்தப் பத்தாண்டின் முடிவில் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. பேச வந்த ஆய்வு மாணவி நிலப் பதிவேட்டின் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டினார். கறுத்துப்போன மையில் வரிசையாகத் தமிழ்ப் பெயர்கள். பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வேளாண் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "அறுவடை சமயத்தில் வட்டியை நெல்லாகக் கொடுத்தார்களா, பணமாகவா?" அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்து, "பதிவேட்டை அப்படி நான் பார்க்கவே இல்லை" என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஓர் ஆய்வு திசை திரும்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேறு எங்கே முடியும்?

அன்றைக்கு எனக்கு ஓர் ஆதங்கமும் இருந்தது. வியாழக்கிழமைத் தெற்காசியக் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் யாரையும் அங்கே காணவில்லை. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆனால் மையங்களின் கணக்கில் அது வெள்ளிக்கிழமை நாடு. வட்டாரங்களைப் பிரிக்கும் இந்தக் கோடுகள் ஒன்றும் காலங்காலமாக இருப்பவை இல்லை. தென்கிழக்காசியா என்ற பெயர் பரவலானதே இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் நேச நாடுகள் 1943இல் அமைத்த தென்கிழக்காசியக் கட்டளையகத்தால்தான். அதன் தலைமையகம் 1944இலிருந்து கண்டியில் இருந்தது. இலங்கையோ இன்றைக்குத் தெற்காசியாவில் சேர்த்தி!

தமிழர் வரலாற்றை இந்தக் கோடு நடுவில் வெட்டுகிறது. நாகப்பட்டினத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய சூடாமணி என்ற பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தது, ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மேல் படையெடுத்தது, மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள்: இவற்றை வியாழனுக்கு மட்டும் போனாலும் முழுசாகப் பார்க்க முடியாது, வெள்ளிக்கு மட்டும் போனாலும் முடியாது. அதனால் உங்கள் ஊர் இருக்கும் வட்டாரத்தின் உரைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு செமஸ்டராவது பக்கத்து வட்டாரத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்க உரைகளுக்கும் போங்கள். இந்தியப் பெருங்கடல் என்று பேச்சு வந்தாலே நம் கரையும் அதற்குள் வந்துவிடும்.

எல்லா உரையும் நன்றாக இருக்காது. சிலர் கட்டுரையைத் தலை நிமிராமல் வாசிப்பார்கள், பெரிய பெரிய கோட்பாட்டுப் பெயர்களாக வந்து விழும். பொறுத்துக்கொள்ளுங்கள், கேள்வி நேரத்தில் அவர்களும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தால் "இந்த ஆவணம் எங்கே கிடைத்தது?" என்று கேளுங்கள். அதற்கு எல்லோரும் ஆசையாகப் பதில் சொல்வார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்திருந்தால், உரை முடிந்ததும் பேசியவரிடம் போய் அதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது சும்மா அரட்டை இல்லை, தகவல்.

அப்புறம், உரையில் வந்த தமிழ் நூலை அங்கேயே நூலகத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்காவிடமிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வாங்கிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கட்டிய பணத்திலிருந்து, 1960களில் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் மறுபதிப்பே காணாத சில புத்தகங்கள் அந்த அலமாரிகளில் இருக்கின்றன.

செமஸ்டர் தொடக்கத்தில் மையத்தின் இணையதளத்தில் மொத்தப் பட்டியலும் வந்துவிடும். சில உரைகளை ஜூமிலும் கேட்கலாம். ஆனால் முடிந்தால் நேரில் போங்கள்; பதிவேட்டுப் பக்கம் எதையாவது காட்டினால் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் படிக்கலாம்.