கதிர்வீச்சு கொடுத்த சோலார் ஒயர் ஆபத்தா?

கேள்வி: தொண்டியில் எங்கள் மொட்டை மாடியில் சோலார் போட்டு மூன்று வருடம் ஆகிறது. பேனலில் இருந்து இறங்கும் ஒயர் வெளுத்துப்போய், வளைத்தால் வெடிக்கிறது. மாற்றலாம் என்றால், புது ஒயர் 'கதிர்வீச்சு கொடுத்தது' என்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் இடம். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். பயப்பட வேண்டியது இப்போது மாடியில் கிடக்கும் ஒயருக்குத்தான்.

தொழிற்சாலையில் ஒயரின் உறை மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். தனித்தனி இழையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் மூலக்கூறுகள் முடிச்சுப் போட்ட வலை போலப் பிணைந்துகொள்ளும். அப்புறம் சூட்டில் உருகி ஒழுகாது. கற்றையை நிறுத்தியதோடு கதிர்வீச்சும் முடிந்தது. ஒயரில் எதுவும் தங்காது.

பழைய ஒயரைக் கெடுத்ததும் ஒரு கதிர்தான், வெயிலின் புற ஊதாக் கதிர். அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மூலக்கூறுகளை அறுத்துவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வீட்டுக்குள் ஓட்டும் சாதா பிவிசி ஒயரை மாடியில் இழுத்திருக்கிறார்கள். விரிசலில் நம் உப்புக்காற்று புகுந்தால் செம்பில் களிம்பு ஏறும், மின்சாரம் கசியும். பேனலில் இருந்து வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதில் பொறி கிளம்பினால் எளிதில் அணையாது, தீப்பிடிக்கும்.

கான்ட்ராக்டர்கள் மிச்சம் பிடிப்பதே இந்த ஒயரில்தான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் அரசு மானியம். பேனல் நம்பர், இன்வெர்ட்டர் நம்பர் என்று போட்டோ மேல் போட்டோ கேட்கிறார்கள். ஒயரில் என்ன அச்சடித்திருக்கிறது என்று குனிந்து பார்க்க ஓர் ஆள் கிடையாது! நீங்களே பாருங்கள். ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 694 என்றிருந்தால் வீட்டு ஒயர். ஐ.எஸ். 17293 அல்லது இ.என். (ஐரோப்பியத் தர எண்) 50618, கூடவே 1500 வோல்ட் டிசி என்றிருந்தால்தான் சோலார் ஒயர். வெறும் 'சோலார்' என்ற எழுத்தை நம்பாதீர்கள். நுனியைச் சீவினால் கம்பி வெள்ளையாக இருக்க வேண்டும், அது வெள்ளீயம் பூசிய செம்பு. சிவப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும். இன்வெர்ட்டரில் இருந்து மீட்டருக்குப் போகும் ஏசி (திசை மாறி ஓடும் வீட்டு மின்சாரம்) ஒயர் வீட்டுக்குள் நிழலில் ஓடினால் பிவிசியே போதும். அதையும் மாற்றச் சொல்வார்கள், இணங்காதீர்கள். வெயில் படாத ஒயருக்கு இந்தக் கேடு வராது. அதே ஒயர் வெளிச்சுவரில் ஓடினால் மட்டும் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். குழாய் போட்டிருந்தால் அதைத் தொட வேண்டாம்.

ஒயர் மாற்றும்போது முதலில் இன்வெர்ட்டர், அடுத்து டிசி சுவிட்ச் இரண்டையும் அணைக்க வேண்டும். அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. ஒயர் மாற்றி முடியும்வரை பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள்.