வலையில் ஏறிய ஈயக்குண்டு யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் தடா. மாமா பழவேற்காட்டில் படகு வைத்திருக்கிறார். போன மாதம் முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில் ஏழு பாகம் ஆழத்தில் அவர் போட்ட வலையில் சாண் நீள உலோகக் கட்டை ஒன்று ஏறியது. மேல்பக்கம் ஒல்லி, அங்கே கயிறு கோர்க்கிற மாதிரி ஓட்டை, அடியில் கட்டைவிரல் நுழையும் குழி. ஓட்டைக்குக் கீழே ஆங்கில 'வி' எழுத்தும் பக்கத்தில் இரண்டு கோடும் வெட்டியிருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. மீன் நிறுக்கும் தொங்கு தராசில் 3 கிலோ 120 கிராம். டச்சுக்காரர் பீரங்கியைச் சேர்ந்தது, அந்த 'வி' டச்சுக் கம்பெனி முத்திரை என்கிறார்கள். மாமா உருக்கி வலைக்குக் குண்டு ஊற்றலாம் என்கிறார், அம்மா புளி போட்டுத் தேய்க்கப் பார்க்கிறார். என்ன செய்யலாம்?
வாசகி, தடா

பதில்: முதலில் அம்மா கையிலிருந்து அதை வாங்கி வையுங்கள், மாமாவையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த அடிக்குழிதான். பீரங்கிக்கு அப்படி ஒரு துண்டு தேவையில்லை. ஜன்னல் கதவு ஏற்றி இறக்கக் கட்டும் எடைகூட இப்படி நீளமாக, மேலே ஓட்டையோடு இருக்கும், ஆனால் அடியில் குழி இருக்காது. உங்களிடம் இருப்பது கப்பலிலிருந்து கடலின் ஆழம் பார்க்க இறக்கும் ஈயக்குண்டு. அந்தக் குழியில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் அங்கே இருப்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், மணலா, சேறா, சிப்பித் தூளா என்று பார்த்தே நங்கூரம் பிடிக்குமா பிடிக்காதா என்று மாலுமி சொல்லிவிடுவான். ஒன்றுமே ஒட்டாமல் கொழுப்பில் வடு மட்டும் விழுந்திருந்தால் கீழே பாறை, மாமா பாஷையில் பார். கயிற்றில் 2 பாகத்துக்கு இரண்டு தோல் வார், 3 பாகத்துக்கு மூன்று, 5-க்கு வெள்ளைத் துணி, 7-க்குச் சிவப்புத் துணி என்று அடையாளம் கட்டியிருப்பார்கள், இருட்டில் தடவியே ஆழம் சொல்ல வேண்டும் என்பதால் துணியின் ரகமும் வேறு வேறாக இருக்கும். ஆங்கிலேயர் கணக்கு வைத்ததும் நம் பாகம் மாதிரியே இரண்டு கையையும் விரித்த நீளம்தான், ஆறு அடி.

சரி, ஈயம்தானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதே தராசில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீரில் குண்டு முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நிறுத்துப் பாருங்கள். ஈயமாக இருந்தால் 2 கிலோ 845 கிராம் பக்கத்தில் காட்டும், ஏனென்றால் ஈயம் தண்ணீரைப் போல 11.3 மடங்கு கனம். பித்தளையோ வெண்கலமோ என்றால் இன்னும் நூறு கிராம் அளவுக்குக் குறையும்.

அடுத்து அந்த 'வி'. டச்சுக் கம்பெனி முத்திரை என்றால் 'வி'யின் இரண்டு கைகளிலும் 'ஓ', 'சி' என்ற எழுத்துகள் பின்னியிருக்கும். உங்களுடையதில் இருப்பது 'வி'யும் இரண்டு கோடும், அதாவது ரோமன் எண்ணில் 7. இந்தக் குண்டுகளில் எடையை இப்படி வெட்டி வைப்பது வழக்கம். இங்கேதான் உங்கள் தராசு பேசுகிறது! ஆங்கிலேயரின் பவுண்டு 453.6 கிராம், ஏழுக்கு 3 கிலோ 175. ஆம்ஸ்டர்டாம் பவுண்டு 494 கிராம், ஏழுக்கு 3 கிலோ 460 வந்திருக்க வேண்டும். பிரெஞ்சு பவுண்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடலில் கிடந்த ஈயம் தேய்ந்து குறையும், கூடாது. 55 கிராம் தேய்ந்தது என்றால் நம்பலாம். 340 கிராம் தேய்ந்திருந்தால் அந்த எழுத்தே மிஞ்சியிருக்காது. போர்ச்சுகீசியப் பவுண்டு மட்டும் ஆங்கிலேயருடையதற்கு நெருக்கம், 459 கிராம், ஆகையால் அவர்களை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நான் ஆங்கிலேயர் பக்கம்தான் சாய்வேன். கையால் வீசும் குண்டை 7 முதல் 14 பவுண்டு வரை வைத்திருந்தது அவர்கள் வழக்கம்.

பழவேற்காட்டில் ஆங்கிலேயர் பொருள் எப்படி என்று கேட்பீர்கள். டச்சுக்காரர் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதால் அந்தப் பக்கம் கிடைப்பதெல்லாம் டச்சு என்று பேச்சு வந்துவிட்டது. ஆனால் உங்கள் ஊருக்கு வடக்கே, அவர்கள் ஆர்மகான் என்று எழுதிய துர்க்கராஜப்பட்டினத்தில், 1626-லேயே ஆங்கிலேயர் கிடங்கு போட்டார்கள். 1639-ல் சென்னையில் இடம் வாங்கிய பிறகு அவர்கள் கப்பல்கள் அந்த வழியாகப் போய் வந்தன, 1825-ல் பழவேற்காடே அவர்கள் கைக்கு வந்தது. அங்கே கடலுக்கடியில் மணல் திட்டுகள் வேறு, குண்டை வீசி வீசித்தான் வந்திருப்பார்கள்.

காலத்தைச் சொல்ல எடை போதாது, வேறு குறி வேண்டும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழலில் தெரியும். மூன்று கோடு சேர்ந்த அம்புமுனை போல ஒன்று இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சாமான், பெரும்பாலும் போர்க்கப்பல். ஈயம் நகம் பட்டாலே கீறும், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது இந்தக் குறிகள்தான். மேலே வெள்ளைத் தூள் இருந்தால் அது விஷம், சுரண்ட வேண்டாம், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மர அலமாரியும் ஆகாது, மரத்திலிருந்து வரும் புளிப்பு ஆவியே ஈயத்தை அரிக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும்.

மாமாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வைக்க வேண்டியது ஒன்று உண்டு: வலை எந்த இடத்தில் மாட்டியது, கரையில் எது எதை நேர் பார்த்தார், கூடவே மரமோ ஆணியோ ஏறியதா. கயிறு அறுந்து விழுந்த ஒற்றைக் குண்டா, உடைந்த கப்பலின் சாமானா என்பது அதில்தான் தெரியும். 100 வருடம் தாண்டிய உலோகப் பொருள் 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள், அதனால் விற்பதோ உருக்குவதோ வேண்டாம். கிடைத்தது பழவேற்காட்டுக் கடல் என்பதால் பொன்னேரி தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தொல்லியல் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வலைக்கு வேண்டிய ஈயத்தை மாமா கடையில் வாங்கிக்கொள்ளட்டும். வாளித் தண்ணீரில் நிறுத்த எடையையும் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள், அம்புமுனை இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.