மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள் என்று அந்தச் செயலியிடம் கேளுங்கள்

கேள்வி: காசிமேட்டில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஏதாவது வதந்தி வந்து வியாபாரம் படுத்துவிடுகிறது. செய்தி உண்மையா, பொய்யா என்று செயற்கை நுண்ணறிவு மூலம் நொடியில் சொல்லும் செயலி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். 99 சதவீதம் துல்லியமாம். ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய், முதல் 7 நாள் இலவசம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

இந்தச் செயலி எதுவும் துறைமுகத்துக்கு வந்து கூடையைத் திறந்து பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்பும் செய்தியிலிருந்து சரிபார்க்கத்தக்க கூற்றைப் பிரித்தெடுக்கும். உண்மை சரிபார்ப்பவர்கள் ஏற்கெனவே எழுதியவற்றிலும் மற்ற இணையப் பக்கங்களிலும் அதற்கு நெருக்கமானதைத் தேடும். கிடைத்ததை வைத்துத் தீர்ப்பு எழுதும். ஆண்டுதோறும் சுற்றிவரும் பழைய வதந்திக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் 'இன்று காலை வந்த மீனில் ஃபார்மலின்' (உடல் கெடாமல் வைக்கப் பயன்படும் ரசாயனம்) என்பதைப் பற்றி யாரும் இன்னும் எழுதியிருக்க மாட்டார்களே! 2018-இல் ஃபார்மலின் பரபரப்பு எழுந்தபோது வந்த செய்தி ஒன்றை எடுத்து, இன்றைய மீனுக்குச் சான்றாகக் காட்டினாலும் காட்டும். 'ஆதாரம் இல்லை' என்று சொன்னாலும், படிப்பவர் அதைப் 'பொய்' என்றுதான் புரிந்துகொள்வார். மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும்.

விடை தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 'விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் 61 நாள்' என்று போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது உங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 2017-க்கு முன்பு அது 45 நாள். அப்போது எழுதியவை இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்று சிக்கினால், சரியான செய்தி மீதே 'தவறு' என்று முத்திரை விழும். அடுத்து, 'தடைக்காலத்தில் விற்பதெல்லாம் ஐஸ் மீன்' என்று போடுங்கள். நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகின்றன. வெளியூர் ஐஸ் மீனும் வருகிறது. இதை உண்மை என்பதா, பொய் என்பதா? உங்கள் வியாபாரத்தைக் கெடுப்பவை இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். குரல் பதிவாக வந்தால் இன்னும் சிக்கல்: நம் பேச்சுத் தமிழை எழுத்தாக்கும்போதே சொல் மாறிவிடும்.

எந்தச் செய்திகளில், எந்த மொழியில் சோதித்து 99 சதவீதம் வந்தது என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

இலவச வாரத்துக்கே தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு அனுமதி கேட்டால் விலகிவிடுங்கள். மத்திய அரசின் 2023 நெறிமுறைகள் இதைச் 'சந்தா வலை' என்ற ஏமாற்று உத்தியில் சேர்த்திருக்கின்றன. ஏற்கெனவே அனுமதி தந்திருந்தால், செயலியை நீக்கினால் மட்டும் பிடித்தம் நிற்காது. யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அனுமதியை ரத்துசெய்யுங்கள். பணம் போய்விட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதுவரை, மீன் எடுக்கும்போதே படகையும் மீனையும் படம்பிடித்து, தேதி, நேரத்தோடு குழுவில் போடுங்கள். செலவில்லை.