லாட்ஜ் அறையில் ரகசிய கேமரா இருக்கிறதா என்று நாமே சோதிப்பது எப்படி? ஆப், டிடெக்டர் எல்லாம் நம்பலாமா?

ஆப்பை நம்பாதீர்கள். டிடெக்டரை ஓரளவு நம்பலாம். டார்ச்சும் உங்கள் கண்ணும்தான் உண்மையில் வேலைக்கு ஆகும்.

எவ்வளவு சின்ன கேமராவாக இருந்தாலும் இரண்டு விஷயத்தில் அது தப்ப முடியாது: உங்களைப் பார்க்க வேண்டும், அதற்குக் கரண்ட் கிடைக்க வேண்டும். 2019 மார்ச்சில் தென்கொரியப் போலீஸ் வெளியிட்ட வழக்கில் 10 நகரங்களில் 30 மோட்டல்களின் 42 அறைகளில் கேமரா இருந்தது. சுமார் 1,600 பேர் படமாகியிருந்தார்கள். லென்ஸ் 1 மில்லிமீட்டர்தான். ஒளித்து வைத்த இடங்கள்: டிவி பெட்டி, சுவர் பிளக் பாயிண்ட், ஹேர் டிரையர் மாட்டும் ஸ்டாண்டு. மூன்றும் கரண்ட் கைக்கெட்டும் இடங்கள். மாதக்கணக்கில் ஓட வேண்டிய கேமராவை யாரும் பூச்சாடிக்குள் பேட்டரியோடு வைப்பதில்லை; தொடர்ந்து பதிவு செய்தால் பட்டன் அளவுக் கேமராவின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அதனால் அறை முழுக்கத் தேட வேண்டாம். கட்டிலில் படுத்துப் பாருங்கள், உடை மாற்றும் இடத்தில் நின்று பாருங்கள், ஷவருக்கு அடியில் நின்று பாருங்கள். அங்கிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் மட்டும்தான் சந்தேகப் பட்டியல். உங்களுக்கு அது தெரியவில்லை என்றால் அதற்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். கடிகாரம், யாரும் பயன்படுத்தாமல் செருகியே இருக்கும் சார்ஜர், செட்-டாப் பாக்ஸ், ஏசி, கட்டிலுக்கு நேர் மேலே ஸ்மோக் டிடெக்டர், குளியலறையில் கீசரும் எக்ஸாஸ்ட் ஃபேனும். குளியலறைக்குள்ளேயே ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் அதைக் கட்டாயம் சந்தேகப்படலாம். நீராவி பட்டு அலறும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே மாட்ட மாட்டார்கள். சார்ஜரில் போன் எதுவும் இல்லாமலே நன்றாகச் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். வேலை செய்யாத பிளக் பாயிண்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நம் லாட்ஜ்களில் அது சகஜம்.

இனி டார்ச். லென்ஸுக்குள் போகும் வெளிச்சம் சென்சாரில் பட்டு, வந்த வழியிலேயே திரும்புகிறது. இரவில் பூனைக் கண் மின்னுவதும் இப்படித்தான். திரும்பும் வெளிச்சம் டார்ச்சை நோக்கியேதான் வரும், அதனால் டார்ச் உங்கள் கண்ணை ஒட்டி, நெற்றிப் பொட்டருகில் இருக்க வேண்டும். பலர் தவறு செய்வது இங்கேதான். டார்ச்சை இடுப்பருகே பிடித்து மூன்று மீட்டரில் தேடினால் கண்ணுக்கும் டார்ச்சுக்கும் இடையே பத்து டிகிரிக்கு மேல் விலகல் வந்துவிடும்; லென்ஸ் நேரே எதிரில் இருந்தாலும் மின்னாது. போனில் ஃபிளாஷ் லைட்டைப் போட்டு வீடியோ மோடில் திரையைப் பார்த்துத் தேடுவதும் நல்ல வழி, ஏனென்றால் ஃபிளாஷும் போன் கேமராவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடி, விளக்கை அணைத்து, இரண்டு மூன்று மீட்டரிலிருந்து மிக மெதுவாக நகர்த்துங்கள். கூர்மையான ஒரு புள்ளி, பெரும்பாலும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ மின்னும். ஸ்குரூ தலையும் கண்ணாடி விளிம்பும் கூட மின்னும். வித்தியாசம் இதுதான்: தலையைக் கொஞ்சம் அசைத்தால் ஸ்குரூவின் பளபளப்பு நகரும் அல்லது மறையும், லென்ஸின் புள்ளி அதே இடத்தில் நிற்கும். பிறகு கிட்டே போய்ப் பாருங்கள். ஒழுங்காகத் துளைத்த வட்ட ஓட்டை, அதன் உள்ளே கறுப்பாகப் பளபளக்கும் கண்ணாடி இருந்தால் கேமராதான்.

இருட்டில் படம் பிடிக்கும் கேமராவில் அகச்சிவப்பு எல்இடி இருக்கும். 850 நானோமீட்டர் வகை, உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 வகை வெறும் கண்ணுக்குத் தெரியாது, சில போன்களில் தெரியும். உங்கள் போனுக்குத் தெரியுமா என்பதை டிவி ரிமோட்டை வைத்துச் சோதிக்கலாம்: ரிமோட்டை கேமரா முன் நீட்டி பட்டனை அழுத்துங்கள். பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் பெரும்பாலும் பலமாக இருக்கும். அறை இருட்டானால்தான் இந்த எல்இடி எரியும் என்பதையும் மறக்காதீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் 'நைட் விஷன் கேமரா இல்லை' என்று வேண்டுமானால் சொல்லலாம், 'கேமராவே இல்லை' என்று சொல்ல முடியாது.

வைஃபை ஸ்கேன் ஆப்களின் கதை வேறு. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளை ஃபிங் போன்ற ஆப் காட்டும். ஒரு கருவியில் 554-ஆம் போர்ட் (நெட்வொர்க்கில் தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்) திறந்திருந்தால் அது வீடியோ அனுப்பும் கருவியாக இருக்கலாம். ஆனால் ஹோட்டல்களில் விருந்தினர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பெரும்பாலும் பிரித்துத்தான் வைப்பார்கள். ஆப்பில் ரவுட்டரும் உங்கள் போனும் மட்டும் தெரியும். கேமரா தனி வைஃபையிலோ சிம் கார்டிலோ இருந்தால் வராது. மெமரி கார்டில் மட்டும் பதிவு செய்தால் எங்குமே வராது. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 0.9 ஜிபி, அதாவது 128 ஜிபி கார்டில் சுமார் 140 மணி நேரம் கொள்ளும். ரேடியோ அலையைப் பிடிக்கும் ஆர்எஃப் டிடெக்டருக்கும் இதே குறைதான்: அலை வீசாத கேமராவை அது காணாது. வைத்திருந்தால் உங்கள் போன், வாட்ச், ப்ளூடூத் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உணர்திறனைக் குறைத்து, பொருளுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோங்கள். முழு உணர்திறனில் வைத்தால் பக்கத்து அறை ரவுட்டருக்கெல்லாம் கத்தும்.

போனின் காந்த சென்சாரை வைத்து 'கேமரா கண்டுபிடிக்கும்' ஆப்கள் சுத்த வேஸ்ட். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா; சுவருக்குள் கம்பி இருந்தாலும் ஸ்பீக்கர் இருந்தாலும் எண் எகிறும். சின்னக் கேமராவின் காந்தப்புலம் சில சென்டிமீட்டர் தாண்டினால் தெரியாது. 'டிரையல் ரூமில் போன் கால் போகவில்லை என்றால் ஃபைபர் கேபிள் கேமரா இருக்கிறது' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டும் பொய். ஃபைபரில் ஒளிதான் போகிறது, அது சிக்னலைக் கெடுக்காது. உள்ளறையில் டவர் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பின்னாலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடியா என்று அறிய, நகத்தை வைத்து இடைவெளி பார்க்கும் சோதனையும் உறுதியானதல்ல. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, பக்கத்தில் கைகளைக் குவித்து உள்ளே பாருங்கள். பின்னால் காலி இடம் இருந்தால் தெரிந்துவிடும்.

கிடைத்துவிட்டால் தொடாதீர்கள், கார்டை உருவாதீர்கள். கைரேகையும் பதிவும் ஆதாரம். அறை எண் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, லென்ஸ் பார்க்கும் கோணத்திலிருந்து விலகி, மேனேஜரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் 112-க்கு அழையுங்கள். மேனேஜரே உடந்தையாக இருக்கலாம். வெளியூர் என்றாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆம் பிரிவு எல்லையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க விடாது. பெண்ணைப் படம் பிடித்திருந்தால் தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-இன் 77-ஆம் பிரிவு பொருந்தும், முதல் குற்றத்துக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை. அந்தப் பிரிவு ஆண்களுக்கு உதவாது. அந்தரங்க உறுப்புகள் படமாகியிருந்தால் ஐடி சட்டம் 66இ ஆண் பெண் யாருக்கும் உண்டு, 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கேமராவைக் கைப்பற்றுவதை வீடியோவாக எடுக்க வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் 105-ஆம் பிரிவு. போலீஸ் வந்ததும் அப்படி வீடியோ எடுக்கும்படி வற்புறுத்துங்கள், இல்லையென்றால் கோர்ட்டில் முதல் கேள்வியே கார்டு யார் கையில் இருந்தது என்பதாக இருக்கும்.